வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

அக்டோபர் 12, 1996, சனி

இன்று ஷானா என் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

எழுதிப் பார்த்தால் அற்ப விஷயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஸ்டூலின் கால்களை என் உயரத்துக்கு அறுத்துக் கொடுத்தவர் அப்பா. எனக்கு அப்போது ஆறு வயது. ஷானாவுக்கு இப்போது பதினாறு. அதில் உட்கார்ந்தால் அவள் முழங்கால் தாடையை இடிக்கிறது. அப்படியும் உட்கார்ந்தாள்.

கொட்டகையில் அப்பா ஈயம் உருக்கி அச்சில் ஊற்றுவார். டயர்க் கடையில் கழித்துப் போடும் ஈயத் துண்டுகள்தான். அச்சிலிருந்து விழும் குண்டு எதுவும் அப்படியே துப்பாக்கிக்குப் பொருந்தாது, கொஞ்சம் பருமனாக இருக்கும். ஆறிய பிறகு ஒவ்வொன்றாக ஓர் எஃகு வளையத்துக்குள் தள்ள வேண்டும். வளையம் கையால் இழுக்கும் பிரஸ்ஸில் மாட்டியிருக்கும். பிடியை இழுத்தால் முதலில் ஒரு முரண்டு, அப்புறம் வழுக்கல், அப்புறம் குண்டு பளபளவென்று மேலே வரும். அந்த முரண்டு எனக்குப் பிடிக்கும். எட்டு வருஷமாக அந்தப் பிடி என் கையில் இருந்தது.

இன்று அவள் இழுத்தாள். அப்பா அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"மெதுவா... மெதுவா... ஆங், அவ்வளவுதான். இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கியா நீ?"

"இல்லையே ராய்ஸ்." அப்பாவை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"அப்ப இது பிறவிக் கை."

எட்டு வருஷத்தில் என் கையைப் பற்றி அப்பா எதுவும் சொன்னதில்லை. கையைக் கழுவு என்பதைத் தவிர.

இதை எழுதுவது துணி துவைக்கும் அறையில், துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து. என் அறை இப்போது எங்கள் அறை. ஜூலையில் அப்பா வான்டாவை மணந்துகொண்டார். ஆகஸ்டில் வான்டாவும் அவர் மகள் ஷானாவும் பெட்டிகளோடு வந்தார்கள். அவள் தூங்குகிறாள். தூக்கத்திலும் நிம்மதியாக மூச்சு விடுகிறாள். அதுகூட எரிச்சலாக இருக்கிறது.


அக்டோபர் 15

அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது. பருந்து. என் பெயர் லெட்டி, ஆனால் சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு நான் எலிக்குட்டி. பருந்து எதைத் தின்னும் என்று அப்பா யோசித்திருக்க மாட்டார்.


அக்டோபர் 20, ஞாயிறு

சரளைக் குழிக்குப் போனோம். அப்பா, ஷானா, நான். அப்பா அவளிடம் அம்மாவின் ரிவால்வரைக் கொடுத்தார்.

அம்மா நெவாடாவுக்குப் போனபோது விட்டுப்போனவற்றில் அதுவும் ஒன்று. ஒரு மழைக்கோட்டு, பாதி தீர்ந்த சிவப்பு நகச்சாயம், அந்த ரிவால்வர், நான். ரிவால்வரை மட்டும் அப்பா மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைப்பார்.

எனக்கு அதைச் சுட வராது. சுட வராது என்றால் குறி வைக்க வராது என்று அர்த்தமில்லை. பயம். விரல் அழுத்துவதற்கு முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் காதுவரை ஏறிவிடும். ஒன்பது வயதில் முதல் தடவை சுட்டபோது துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடி, வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டேன். அப்பா மண்டியிட்டு எட்டிப் பார்த்து, "பரவால்ல எலிக்குட்டி, நீ குண்டு செய்யி, நான் சுடறேன்" என்றார். அதுதான் எங்கள் ஏற்பாடு. நான் செய்வேன், அவர் சுடுவார்.

ஷானா கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. தகர டப்பா ஒவ்வொன்றாகத் துள்ளி விழுந்தது. அப்பா தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று.

நான் காபி டப்பாவில் காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கினேன். ஷானா வந்து, "உன் கை நீலமாயிடுச்சு பாரு, இந்தா" என்று தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள்.

அவள் கெட்டவளாகவாவது இருந்திருக்கலாம்.

திரும்பும்போது வண்டியில் முன்சீட் அவளுக்கு. கால் நீளமாம்.


அக்டோபர் 27

வான்கோழி சமைத்து உண்ணும் நன்றி நாளுக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி சங்கத்தில், காகிதக் குறியைச் சுடும் வான்கோழிப் போட்டி நடக்கும். ஜெயித்தவருக்கு உறைந்த வான்கோழி ஒன்று. ஷானாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் அப்பா. "இந்த வருஷம் நம்ம மேஜைக்குப் பறவை நம்ம கையால வருது" என்று வான்டாவிடம் சொன்னார்.

நம்ம கை.


நவம்பர் 2, சனி

என் புள்ளி போய்விட்டது.

கொட்டகையில் இரண்டு வளையங்கள். ஒன்று அப்பாவின் பிஸ்டலுக்கு, ஒன்று ரிவால்வருக்கு. இரண்டையும் லேத்காரர் ஒருவர் கடைந்து கொடுத்தார், எண் எதுவும் பொறிக்கவில்லை. பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். உள்விட்டம்தான் வேறு. பிஸ்டலுடையது சிறியது, ஒரு தலைமுடி கனத்துக்கும் குறைவான வித்தியாசம். முன்பு ஒரு தடவை மாறிப்போய் அப்பா ஒரு வாளிக் குண்டையும் திரும்ப உருக்கினார். அன்று நான் அம்மாவின் நகச்சாயத்தை எடுத்து ரிவால்வர் வளையத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கப்புறம் மாறியதே இல்லை.

இன்று பள்ளித் தோழி வீட்டிலிருந்து வந்து பார்த்தால் பெஞ்சு மின்னுகிறது. ஷானா காலை முழுக்க, கரைப்பான் வைத்து எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். அச்சு, கரண்டி, பிரஸ், வளையங்கள். ஒரு கந்தல் துணியில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல்.

"எப்பிடி இருக்கு எலி? ஏதோ சாயம் ஒட்டிக் கெடந்துச்சு, அதக்கூட விடல."

அப்பா சொன்னார்: "கடை மாதிரி இருக்கு!"

நான் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் அழுதிருப்பேன். அவள் முன்னால் அழ மாட்டேன்.

கழுவாத ஒன்று மட்டும் ஆணியில் தொங்குகிறது. டேல் பெரியப்பாவின் துப்பாக்கிக் குழல். நடுவில் பாம்பு தவளையை விழுங்கினாற்போல வீங்கியிருக்கும். ஈயம் அப்பிய குழலைச் சுத்தம் செய்கிறேன் என்று செப்பு போர்த்திய குண்டை வைத்துச் சுட்டார், அது அடைத்துக்கொண்டு குழல் உப்பியது. அவர் வலது கையின் நடுவிரல் இன்றும் மடங்காது. "இதப் பாத்துட்டே வேலை செய்" என்று எனக்காகத்தான் அப்பா அதை மாட்டி வைத்தார். ஷானா அதைத் துணிமாட்டியாக்கி மேல்சட்டையைத் தொங்கவிட்டிருந்தாள்.


நவம்பர் 9, சனி

என்ன செய்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன்.

வெள்ளி மாலையே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு மாவட்டச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வேலை. விடிவதற்கு முன்பே போய்விட்டார். போட்டிக்கான குண்டுகளைப் போன வாரமே வார்த்து வைத்திருந்தார். அளவுக்குத் தள்ளும் வேலையை ஷானாவிடம் விட்டுப் போனார். ஷானாவிடம்.

நான் கொட்டகைக்குப் போனபோது முக்கால்வாசி முடித்திருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முரண்டு நீளமாக இருந்தது. அவள் தோள் கொஞ்சம் அதிகமாக இறங்கியது. மாட்டியிருப்பது பிஸ்டல் வளையம்.

"வாங்க இன்ஸ்பெக்டர் அம்மா," என்றாள். "பாத்து ஒரு முத்திரை குத்துங்க."

சரிபார்ப்பது எப்போதும் என் வேலை. ரிவால்வரின் உருளையைக் கழற்றி, அதன் முன்பக்கத் துளையில் குண்டை வைத்து விரல்நுனியால் அழுத்திப் பார்க்க வேண்டும். லேசாக அழுத்தினால் போக வேண்டும். சுத்தியல் கேட்டால் பெரிது. தானாக நழுவினால் சிறிது. சின்னதைச் சுட்டால் பக்கவாட்டில் தீப்புகை புகுந்து ஈயத்தை உருக்கிக் குழல் முழுக்க அப்பிவிடும். குறியும் கண்டபடி போகும்.

ஒன்றை எடுத்து வைத்தேன். விரலைக் கொண்டுபோவதற்குள் அது நழுவி என் உள்ளங்கையில் விழுந்தது. அடுத்த துளையிலும் விழுந்தது. எல்லாத் துளையிலும்.

ஷானா திரும்பிப் பார்க்கவில்லை. முணுமுணுப்பு நிற்கவில்லை.

அப்போது வெளியே வண்டிச் சத்தம். காபிக் குடுவையை நிரப்ப அப்பா வந்திருந்தார். இன்ஜினை நிறுத்தாமல் கதவைத் திறந்து கத்தினார்: "எலிக்குட்டி, அளவு பாத்தியா?"

"சரியா இருக்குப்பா."

சத்தமாகச் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். குரல் நடுங்கவே இல்லை. சுடத்தான் பயம் போலிருக்கிறது, பொய்க்கு இல்லை.

அவள் தவறவிட வேண்டும். ஒரே ஒரு நாள் எல்லார் முன்னாலும் தவறவிட வேண்டும். பிறவிக் கையாம். அப்புறம் அப்பா ஸ்டூலை என்னிடம் தருவார். அவ்வளவுதான் நான் கேட்டது. காகிதத்தில் குறி தப்பினால் யாருக்கு என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது.

ஒன்றும் ஆகாது.


நவம்பர் 10, ஞாயிறு

அப்பா கூடுகளில் வெடிமருந்து போட்டு, குண்டுகளைப் பொருத்தி முடித்துவிட்டார். கண் சொக்கிக்கொண்டே செய்தார், பனி அவரைத் தூங்க விடவில்லை. வழக்கமாக அவரும் ஒன்றை எடுத்துத் துளையில் வைத்துப் பார்ப்பார். இன்று பார்க்கவில்லை.

அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன்.

"என்னடா கண்ணு?"

"காபி வேணுமாப்பா?"


நவம்பர் 13

கணக்குப் பாடத்தில் ஒன்றும் ஏறவில்லை. தெரிந்தால் அப்பா என்னை நெவாடாவுக்கு அனுப்பிவிடுவார். அங்கே அம்மாவுக்கு இரண்டு அறை வீடு, அதில் அந்த ஆளின் மீன் தொட்டி ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை போனில் "வாயேன் செல்லம்" என்பாள் அம்மா. எப்போது என்று இதுவரை சொன்னதில்லை.

இங்கிருந்து நான் போனால் என் கட்டிலில் யார்? யாரும் வர வேண்டியதில்லை. ஷானா இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டுக்கொள்வாள்.


நவம்பர் 16, சனி

பயிற்சி. வான்டா வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார், அப்பாவுக்கு மறுபடி பனி.

முதல் சில குண்டுகள் சுமாராகப் போயின. அப்புறம் சிதற ஆரம்பித்தது. காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள ஓட்டை. குண்டு நேராகப் போகாமல் பக்கவாட்டில் புரண்டுகொண்டு போய் அடித்த தடம். ஷானா மூச்சை அடக்கினாள், காலை மாற்றி வைத்தாள், கையைத் தேய்த்தாள். ஒன்றும் உதவவில்லை.

"என் கைதான் என்னமோ ஆயிடுச்சு," என்றாள் வான்டாவிடம்.

"போன வாரமெல்லாம் நல்லாத்தானே சுட்ட?"

"அதான் சொல்றேன்ல, கைன்னு!"

இரவு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள். நானும் அதே தந்திரத்தைச் செய்திருக்கிறேன், கேட்கும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன். இருந்தது. கொஞ்ச நேரம்.

அப்புறம் அவள் வெளியே வந்து, என் கட்டிலைத் தாண்டும்போது, என் போர்வை நுனி தரையில் கிடந்ததை எடுத்து மேலே போட்டுவிட்டுப் போனாள். நான் தூங்குவதாக நினைத்து.


நவம்பர் 22

நாளை. வரவில்லை என்று சொல்லிவிடலாமா? போகாவிட்டால் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமா?

அப்பா வர முடியாதாம். மலைக்கணவாயில் பனி.


நவம்பர் 23, சனி

வேகமாக எழுதுகிறேன். எழுத்து எனக்கே புரியுமா தெரியவில்லை.

சங்கத்துக் கொட்டகையில் அடுப்பு எரிந்தது, மிளகாய்ப் பீன்ஸ் வாசனை. வெளியே வரிசையில் பலகை மேஜைகள். நான் காதுமூடி போட்டுக்கொண்டு காபி டப்பாவோடு பின்னால் நின்றேன். முதல் சுற்றில் ஷானாவின் காகிதத்தில் பாதி குண்டுகள் படவே இல்லை.

பக்கத்து மேஜை கிழவர் வெர்ன் விசிலடித்தார். "என்னம்மா, காகிதத்தைச் சுடறியா, அந்த மலையைச் சுடறியா? மலைன்னா நீதான் முதல் பரிசு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஷானாவின் கழுத்து சிவந்தது. நான் ஆசைப்பட்டதெல்லாம் இதுதான், இதேதான். ஆனால் அது அப்படித் தோன்றவே இல்லை.

இடைவேளையில் வெர்ன் அவள் துப்பாக்கிக் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடேயப்பா. ஈயம் கூடு கட்டியிருக்கு. உன் மேல தப்பில்ல பொண்ணே. இரு, மருந்து தர்றேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி. கடையில் வாங்கிய தோட்டாக்கள். செப்பு போர்த்தியவை. "அடுத்த சுற்றுல முதல்ல இத ஆறு போடு. சுரண்டி எடுத்துட்டுப் போயிடும். நாப்பது வருஷமா நான் இப்பிடித்தான்."

"நெஜமாவா?" ஷானாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப என் கை இல்லையா?"

"உன் கைக்கென்ன, தங்கக் கை."

அவள் உருளையில் நிரப்பினாள். செப்பு வெயிலில் மின்னியது. வான்டா கொட்டகைக்குள் பீன்ஸ் வாங்கப் போயிருந்தார். வரிசையில் எல்லோரும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். காதுமூடி மாட்டச் சொல்லி நடுவர் திருமதி டோல்ஃப்சன் கையைத் தூக்கினார்.

எனக்குக் கண்ணில் தெரிந்தது எங்கள் வீட்டுக் கொட்டகை ஆணியில் தொங்கும் குழல்தான். அதன் வீக்கம். அதன்மேல் அவள் மாட்டிய சட்டை. டேல் பெரியப்பா கரண்டி பிடிக்கும் விதம்.

வரிசையில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று கத்தலாம். குழந்தையானாலும் சரி. கத்திவிட்டால் எல்லோரும் துப்பாக்கியைக் காலியாக்கிக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்துவிட வேண்டும். ஏன் என்ற கேள்வி அதற்கப்புறம்தான். வீணாகக் கத்தியவரை அந்த வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அங்கே சத்தமாகப் பேசியதுகூட இல்லை.

டோல்ஃப்சனின் கை இறங்கியது. ஷானாவின் கை ஏறியது.

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. டப்பாவைக் கீழே போட்டேன். அந்தச் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை. வரிசையின் அந்தக் கடைசியில் யாரோ ஒரு குண்டு சுட்டார்கள், என் கண் மூடிக்கொண்டது, தோள் காதுக்கு ஏறியது, அப்படியே கண்ணை மூடிக்கொண்டே—

"நிறுத்துங்க! நிறுத்துங்க! நிறுத்துங்க!"

கண்ணைத் திறந்தபோது எல்லாம் அமைதி. துப்பாக்கிகள் மேஜைமேல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரு கத்தினது?" என்றார் திருமதி டோல்ஃப்சன்.

"நான்தான்."

"ராய்ஸ் பொண்ணா? சொல்லு கண்ணு, என்ன பாத்த?"

"ஷானா... அந்தக் குண்ட சுடக் கூடாது. குழல்ல ஈயம் இருக்கு. செப்பு போட்டா அடைச்சுக்கும்."

"இதுக்கா இந்தக் கூப்பாடு?" என்றார் வெர்ன். "நாப்பது வருஷமா—"

"டேல் பெரியப்பாவுக்கு விரல் மடங்காது."

டேல் பெரியப்பாவை அங்கே எல்லோருக்கும் தெரியும். திருமதி டோல்ஃப்சன் ரிவால்வரைக் காலியாக்கி, குழலுக்குள் சின்ன விளக்கைக் காட்டி நீண்ட நேரம் பார்த்தார்.

"வெர்ன், உன் மருந்த எடுத்துப் பையில போடு." பிறகு எங்களைப் பார்த்து, "இவ்வளவு அப்பணும்னா குண்டு அளவே தப்பா இருக்கணும். யாரு அளவு பாத்தது?"

"லெட்டிதான் பாத்தா," என்றாள் ஷானா. "சரியா இருக்குன்னு..." பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"சரியா இல்ல," என்றேன். "விரல் வைக்கிறதுக்கு முன்னாடியே விழுந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

வான்டா பீன்ஸ் கிண்ணங்களோடு கதவருகே நின்றிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியாது.

வரும் வழியில் அவர் ஒரு வார்த்தைதான் பேசினார். "பெல்ட் போட்டுக்கோங்க." ஷானா முன்சீட்டுக்குப் போகவில்லை. என்னோடு பின்னால்தான் உட்கார்ந்தாள், ஆனால் முகம் சன்னல் பக்கம். அவள் கைகள் மடியில் இருந்தன. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். வீடுவரைக்கும்.


நவம்பர் 24, ஞாயிறு

அப்பா காலையில் வந்தார். பூட்ஸ்கூடக் கழற்றவில்லை. வான்டா சமையலறையில் மெல்லிய குரலில் சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

மீந்த தோட்டாக்களைப் பிரித்துக் குண்டுகளை வெளியே எடுத்தார். ஒவ்வொன்றாகத் துளையில் வைத்தார். டக். டக். டக். எல்லாம் பெஞ்சுமேல் விழுந்தன. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நானும் ஒண்ண எடுத்து வெச்சுப் பாத்திருக்கணும். எப்பவும் பாப்பேன். அன்னிக்குப் பாக்கல. ஏன் தெரியுமா?"

தெரியும்.

"நீ சொன்ன. அதான்."

"அப்பா, என்ன நெவாடாவுக்கு அனுப்பிடுவீங்களா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அனுப்பிட்டா உனக்கு ஈசியாப் போயிடும். இங்கயே இரு. ஆனா இனிமே உன் பேச்ச வெச்சு ஒரு குண்டுகூட இந்தக் கொட்டகைய விட்டுப் போகாது."

பிறகு கதவருகே நின்று, என் பக்கம் திரும்பாமல், "கத்தினியாமே," என்றார். "டோல்ஃப்சன் போன் பண்ணினா. அந்தக் கடைசி வரைக்கும் கேட்டுச்சாம்."

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.


நவம்பர் 28, நன்றி நாள்

வான்கோழி இல்லை. அப்பா போன மாதம் சுட்ட மானின் தொடையை வாட்டி, உருளைக்கிழங்கு மசித்து, பூசணி இனிப்பு. சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். வான்டா, இந்தச் சமையலறைக்கு என்றார். அப்பா, பனி இன்று நின்றதற்கு என்றார்.

ஷானா இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். "பத்து."

பிறகு வான்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூக்கால், அடக்க முடியாமல். அப்பாவும் சிரித்தார். ஷானா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள்.

என் முறை வந்தது. "உப்பு குடுங்க," என்றேன்.


டிசம்பர் 3

பள்ளி விட்டு வந்தபோது கொட்டகையில் விளக்கு எரிந்தது. ஷானா பாத்திரம் தேய்க்கும் செப்புநாரைப் பிய்த்துத் தூரிகையில் சுற்றி, ரிவால்வர் குழலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறச் செதில்கள் காகிதத்தில் விழுந்துகொண்டிருந்தன. தரையில் நின்று செய்தாள். ஸ்டூல் காலியாக இருந்தது.

வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வா, இல்ல வெளிய போ. குளிரு வருது."

உள்ளே போனேன். "நாரைத் தளர்வாச் சுத்தியிருக்க. இன்னும் ரெண்டு சுத்து வேணும்."

"உங்கிட்ட கேக்கல." ஆனால் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு, "ஏன்டி?" என்றாள்.

நீ என் ஸ்டூலில் உட்கார்ந்தாய். என் புள்ளியை அழித்தாய். அப்பா தொப்பியைத் தொடையில் அடித்துச் சிரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உளறினேன். புள்ளியைப் பற்றிச் சொன்னபோது அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அது அடையாளமா? நான் அழுக்குன்னுல்ல நெனச்சேன்."

"அம்மாவோட நகச்சாயம்."

"சொல்லியிருக்கலாம்ல! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, எலி!" கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது எனக்கு நாலாவது வீடு, தெரியுமா? அம்மா யாரையாவது கட்டிக்குவா, நான் பெட்டிய எடுத்துட்டு வருவேன். இந்தத் தடவ ஏதாவது பிரயோஜனமா இருந்தா வெச்சுக்குவாங்கன்னு பாத்தேன். எனக்கு இந்த ஈய நாத்தம் பிடிக்கவே பிடிக்காது."

எனக்குக் கோபம் வந்தது, அதுதான் உண்மை. பிடிக்காமலே இவ்வளவு நன்றாகச் செய்தாளா?


டிசம்பர் 8

அம்மா போன் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா என்று கேட்டாள். இங்கே வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று கேட்டாள். கொட்டகையில் எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை.


டிசம்பர் 14, சனி

அப்பா காலையில் புதிதாக வார்த்தார். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. ஷானா ஏதோ சொல்லி அவர் சிரித்தபோது வயிற்றில் அதே பழைய எரிச்சல்தான்.

மதியம் ஷானா கொட்டகைக் கதவைத் திறந்து கூப்பிட்டாள். "எலி! வா இங்க."

அப்பா அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். அவள் உருளையையும் ஒரு குண்டையும் என் கையில் வைத்தாள்.

"பாத்துச் சொல்லு."

நான் அப்பாவைப் பார்த்தேன். "அப்பா சொன்னாரே, என் பேச்ச வெச்சு..."

"அப்பா சொன்னது அப்பாவுக்கு. சுடப்போறது என் கை." 'அப்பா' என்றாள். ராய்ஸ் என்று சொல்லவில்லை. அவள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அடுப்புப் பக்கம் அப்பாவின் முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றது. போ என்று அவர் சொல்லவில்லை.

குண்டைத் துளையில் வைத்தேன். நின்றது. விழவில்லை. விரல்நுனியால் லேசாக அழுத்தினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு போனது. அடுத்த துளை. அடுத்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன்.

"சரியா இருக்கு," என்றேன். இந்தத் தடவை குரல் நடுங்கியது.

ஷானா தலையாட்டினாள். பிறகு என் கையிலிருந்து உருளையை வாங்கி, அதே குண்டைத் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

வலித்தது. ஆனால் அவள் இடத்தில் இருந்தால் நானும் பார்த்திருப்பேன்.

பிரஸ்ஸில் மாட்டியிருந்த வளையத்தைப் பிறகுதான் கவனித்தேன். அதில் ஒரு புள்ளி, இன்னும் முழுதாகக் காயவில்லை. அம்மாவின் சிவப்பு தீர்ந்துவிட்டதாம், புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாளாம். இது பச்சை. அவளுடையது.